பில் எத்தனை இடத்தில் பிறக்கிறது? ஆர்க்கிடெக்சர் ஃப்ரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்துவது பற்றி

2020 நவம்பரில் கோவையில் ஒரு பம்புசெட் கம்பெனியின் ஐ.டி. பொறுப்பில் இருந்தேன். விற்றுமுதல் 100 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் 2021 ஜனவரி 1 முதல் இ-இன்வாய்ஸ் போட வேண்டும் என்று அறிவிப்பு வந்திருந்தது. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கும் ஏற்றுமதிக்கும் போடும் ஒவ்வொரு பில்லும் அரசு போர்ட்டலுக்குப் போய் ஐஆர்என் என்ற பதிவு எண்ணும் கியூஆர் கோடும் வாங்கி வந்தால்தான் செல்லும். அக்கவுண்ட்ஸ் மேனேஜரிடம், "சார், நாம எத்தனை இடத்துல பில் போடறோம்?" என்று கேட்டேன்.

"ஒரே இடந்தானுங்க. ஈஆர்பி" என்றார். விற்பனை, ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருக்கும் சாஃப்ட்வேர் அது.

அவர் பொய் சொல்லவில்லை. மற்ற இடங்களில் போடும் பில்கள் எல்லாம் மாதக் கடைசியில் எக்செல்லாக மெயிலில் வந்து அவர் கணக்கில் சேர்ந்துவிடும். அவர் மேஜையிலிருந்து பார்த்தால் ஒரே இடம்தான். நான் ஆளைக் கேட்பதை விட்டுவிட்டு, முந்தைய மாதம் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்குப் படிவத்தை வாங்கினேன். அதில் 13-ஆம் அட்டவணையில் அந்த மாதம் போட்ட பில்களின் வரிசை எண்கள், எதிலிருந்து எதுவரை என்று இருக்கும். ஐந்து விதமான வரிசைகள் இருந்தன. ஒவ்வொன்றையும் பின்னால் பிடித்துக்கொண்டே போனேன். ஈஆர்பி ஒன்று. உதிரிபாக டெப்போக்களில் டேலி. சர்வீஸ் சென்டரில் யாரோ எழுதிக்கொடுத்த பழைய சாஃப்ட்வேர். ஏற்றுமதிக்கு வேர்டில் ஒரு டெம்ப்ளேட். ஐந்தாவது, ஸ்கிராப் ஏற்றும்போது கேட்டில் கையால் எழுதும் பில் புத்தகம்.

ஆர்க்கிடெக்சர் ஃப்ரேம்வொர்க் ஒன்று வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே பட்டது அன்றைக்குத்தான். நிறுவனத்தின் வேலைகள், தரவு, சாஃப்ட்வேர் எல்லாம் எப்படி இணைகின்றன என்று வரைந்து, மாற்றத்தைத் திட்டமிட உதவும் சட்டகம் அது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஒரு கன்சல்டிங் நிறுவனம் எங்களுக்கு 140 பக்கத்தில் ஆர்க்கிடெக்சர் ஆவணம் செய்து கொடுத்திருந்தது. ஷேர்டு ஃபோல்டரில் தேடி எடுத்தேன். கடைசியாகத் திருத்திய தேதி, அவர்கள் ஒப்படைத்த தேதியேதான். அதில் பில் என்ற பெட்டி ஒன்றே ஒன்று, ஈஆர்பிக்குள் இருந்தது.

ஆகவே முதல் வேலை, உங்களைக் குடைகிற கேள்வியை ஒரு வரியில் எழுதுவது. "டிஜிட்டல் மாற்றம்" என்று எழுதினால் எந்த ஃப்ரேம்வொர்க்கும் பொருந்தும், எதுவும் உதவாது. "ஜனவரி 1-க்குள் எந்தெந்த பில்லுக்கு ஐஆர்என் வேண்டும், அவை எங்கே போடப்படுகின்றன?" என்று எழுதினால் வேலை தொடங்கிவிடும்.

அஞ்சறைப்பெட்டியும் சமையல் முறையும்

ஜான் ஸாக்மன் 1987-இல் ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலில் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்ததுதான் ஸாக்மன் ஃப்ரேம்வொர்க். மேலே ஆறு கேள்விகள்: எது, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன். பக்கவாட்டில், முதலாளி பார்வையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டம் வரை ஆறு படிகள். மொத்தம் 36 கட்டங்கள். இது ஓர் அஞ்சறைப்பெட்டி. சீரகம் எந்தக் கிண்ணத்தில், கடுகு எந்தக் கிண்ணத்தில் என்று சொல்லும். ரசம் வைக்கச் சொல்லித்தராது. "நம்மிடம் என்னதான் இருக்கிறது?" என்பது கேள்வியானால் இதை எடுங்கள். 36 கட்டங்களையும் நிரப்ப உட்கார்ந்துவிடாதீர்கள். நான் முதல் மாதம் நிரப்பியது நான்கு.

டோகாஃப் என்பது ஓப்பன் குரூப் அமைப்பின் ஃப்ரேம்வொர்க், முதல் பதிப்பு 1995-இல் வந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பழைய ஃப்ரேம்வொர்க் ஒன்றிலிருந்து எடுத்துக் கட்டியது. இப்போது புழங்குவது 2022-இல் வந்த 10-ஆம் பதிப்பு. இதன் உயிர் ஏடிஎம் (ஆர்க்கிடெக்சர் டெவலப்மென்ட் மெத்தட்) என்ற சுற்று. ஆயத்தத்தில் தொடங்கி ஏ முதல் ஹெச் வரை கட்டங்கள்: நோக்கம், தொழில், தரவும் அப்ளிகேஷனும், டெக்னாலஜி, பிறகு எதை எந்த வரிசையில் மாற்றுவது, மாற்றும்போது யார் கண்காணிப்பது, முடிந்தபின் எப்போது மறுபடி தொடங்குவது. "எங்கே போகிறோம், எந்த வரிசையில்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான். சொந்த நிறுவனத்துக்குள் பயன்படுத்தக் கட்டணம் இல்லை.

ஆர்க்கிமேட் என்பது முறை அல்ல, படம் போடும் மொழி. பில் போடும் வேலை, அதைச் செய்யும் சாஃப்ட்வேர், அது ஓடும் சர்வர் மூன்றையும் ஒரே படத்தில் கோடு போட்டு இணைக்கலாம். ஆர்க்கி என்ற இலவசக் கருவி போதும். இந்தப் படத்தை முதலாளியிடம் அப்படியே நீட்டிவிடாதீர்கள். ஒரு தடவை நீட்டினேன், "இதுல வாட்டர் லைன் எது, கரண்ட் லைன் எது?" என்று கேட்டார்.

அமெரிக்க மத்திய அரசுக்கென்று ஒன்று, அவர்களுடைய ராணுவத்துக்கென்று ஒன்று, நம் மத்திய அரசின் மின்னணு அமைச்சகம் 2018-இல் கொண்டுவந்த இண்டியா (IndEA) என்று இன்னும் உண்டு. அரசுத் துறையோடு வேலை என்றால் கடைசியதைப் படித்தே ஆக வேண்டும். மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் ஸாக்மனிடமிருந்து கேள்விகளையும் டோகாஃபிடமிருந்து வரிசையையும் எடுத்துக்கொண்டேன். ஆர்க்கிடெக்சர் வேலைக்கு ஆள் நான் ஒருவன்தான், அதுவும் பாதி நேரம். ஆள் எத்தனை என்று பார்க்காமல் ஃப்ரேம்வொர்க்கை முழுதாக இறக்கினால் ஆவணம்தான் மிஞ்சும்.

கஸ்டமர் யார்?

கேன்டீன் சுவரில் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டி, "எது" என்ற முதல் கேள்வியில் "கஸ்டமர்" என்று மட்டும் எழுதினேன். டீ குடிக்க வருகிற ஒவ்வொரு டிபார்ட்மென்ட் ஆளும் கீழே ஒரு வரி எழுத வேண்டும்.

சேல்ஸில் "டீலர்" என்று எழுதினார்கள். சர்வீஸ்காரர் "தோட்டத்துல மோட்டார் மாட்டியிருக்கிற விவசாயி" என்று எழுதினார். டிசைனில் இருந்த அண்ணன் ஒருவர், "எனக்குக் கஸ்டமர்னா போர் ஆழம்தான்" என்று எழுதிவிட்டுப் போனார். அதைக் கடைசிவரை யாரும் அழிக்கவில்லை. அக்கவுண்ட்ஸில் "லெட்ஜர்" என்றார்கள். அங்கேதான் வினை இருந்தது. ஒரே டீலருக்கு மூன்று மாநிலத்தில் கடை என்றால் மூன்று ஜிஎஸ்டி எண், மூன்று லெட்ஜர். டெப்போ டேலியில் அவர் ஒரே ஆள், ஒரே எண்.

இது வார்த்தைச் சண்டை இல்லை, பணம். ஐஆர்என் வாங்கிய பில்லைப் போர்ட்டலில் 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். தவறான ஜிஎஸ்டி எண்ணில் போட்டுவிட்டு மறுநாள் சாயங்காலம் கண்டுபிடித்தால் கிரெடிட் நோட், புது பில், டீலரின் திட்டு எல்லாம் உண்டு. சர்வீஸ் சென்டரில் இன்னொரு சிக்கல். பதிவு இல்லாத விவசாயிக்குப் போடும் பில்லுக்கு ஐஆர்என் தேவையில்லை. அதே சாஃப்ட்வேரில் டீலருக்குப் போட்டால் தேவை. சாஃப்ட்வேருக்கோ இருவரும் கஸ்டமர்.

கடைசியில் கஸ்டமர் என்ற சொல்லையே எடுத்துவிட்டு டீலர், பம்பு உரிமையாளர், பில் பெறுபவர் என்று மூன்று சொற்கள் வைத்தோம். பாதி வேலை அங்கேயே முடிந்தது என்பேன்.

சுற்றைச் சின்னதாக வையுங்கள்

ஏடிஎம் ஆயத்தக் கட்டத்தில் கொள்கைகள் எழுதச் சொல்வார்கள். நான்குக்கு மேல் வேண்டாம். டோகாஃப் சொல்கிற வடிவத்தில் பெயர், கூற்று, காரணம், விளைவு என நான்கு பகுதிகள் இருக்கும். முதல் மூன்றையும் யாரும் எதிர்க்கமாட்டார்கள். விளைவை எழுதும்போதுதான் உண்மையான கூட்டம் தொடங்கும். எங்கள் முதல் கொள்கை: "பில் ஈஆர்பியில் மட்டுமே பிறக்க வேண்டும்." எல்லாரும் தலையாட்டினார்கள். விளைவு: "டெப்போவில் டேலி பில்லிங் நிற்கும்." உடனே ஒரு டெப்போ மேனேஜர், "நெட் போச்சுன்னா லாரி நிக்குமுங்களே, டிரைவருக்கு யார் பதில் சொல்றது?" என்றார். அவர் கேட்டது நியாயம். அந்த டெப்போவுக்கு வேறு கம்பெனியின் இணைப்பு ஒன்று கூடுதலாகப் போட்டோம். அதுவரை டேலியே தொடரலாம் என்று விலக்கு கொடுத்தோம், முடியும் தேதி எழுதி. தேதி இல்லாத விலக்கு கொடுத்தால் அதுவே கொள்கையாகிவிடும்.

நோக்கம் ஒரே பக்கம். அதற்கு மேல் எழுதினால் முதலாளி கையெழுத்துப் போடுவார், படிக்கமாட்டார். டெக்னாலஜி கட்டத்தில் எனக்கு அதிகம் வேலை இருக்கவில்லை. சர்வர் எது என்பது எங்கள் பிரச்சினையே அல்ல.

அப்ளிகேஷன் பட்டியலில் ஒரு வாரம் செலவழித்தோம். 37 வந்தது, மேக்ரோ எழுதிய எக்செல்களையும் சேர்த்து. (அவற்றை விட்டுவிடாதீர்கள். சம்பள இன்சென்டிவ் கணக்கே ஒரு எக்செல்லில்தான் ஓடியது, எழுதியவர் வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.) ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளர் பெயர். பிறகு கார்ட்னர் நிறுவனத்தின் டைம் (TIME) முறைப்படி நான்காகப் பிரித்தோம்: பொறுத்துக்கொள், பணம் போடு, இடம் மாற்று, எடுத்துவிடு. பெரும்பாலானவை "பொறுத்துக்கொள்" வரிசையில்தான் விழும். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பொறுப்பாளர் இல்லாதவற்றை முதலில் கையில் எடுங்கள்.

கண்காணிப்புக்குக் குழு, சாசனம் எதுவும் வைக்கவில்லை. புதன்கிழமை காலை ஒரு மணி நேரம். அக்கவுண்ட்ஸ் மேனேஜர், சேல்ஸிலிருந்து ஒருவர், நான். புது சாஃப்ட்வேர் வாங்குகிற பர்ச்சேஸ் ஆர்டரில் இந்த மூவரில் இருவர் கையெழுத்து வேண்டும் என்று முதலாளியிடம் ஒப்புதல் வாங்கியிருந்தோம். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் நீங்கள் எந்த ஃப்ரேம்வொர்க் வைத்திருந்தாலும் சுவரில் மாட்டிய காலண்டர்தான். எடுத்த முடிவை ஒரு நோட்டில் நாலு வரி எழுதுவோம்: பிரச்சினை, முடிவு, ஏன், இதனால் என்ன இழக்கிறோம். நாலாவது வரியை எழுத எல்லாரும் தயங்குவார்கள். நான் பேனாவைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன்.

ஜனவரி 1 அன்று எல்லாம் தயாராகிவிடவில்லை. ஈஆர்பி தயார். டெப்போக்கள் ஒன்றைத் தவிர தயார். ஸ்கிராப் புத்தகத்தைப் பூட்டிவைத்துவிட்டு, கேட்டிலிருந்து போன் வந்தால் ஈஆர்பியில் பில் போட்டோம். ஏற்றுமதி பில்களைச் சில மாதங்கள் எக்செல்லில் நிரப்பிக் கையால் போர்ட்டலில் ஏற்றினோம். ஆனால் எது பாக்கி, யார் கையில் பாக்கி என்பது ஒரே பக்கத்தில் எழுதியிருந்தது.

மறுபடி எப்போது சுற்றைத் தொடங்குவது என்பதை ஹெச் கட்டத்தில் முன்கூட்டியே எழுதச் சொல்வார்கள். நான் எழுதியது: "இ-இன்வாய்ஸ் வரம்பு குறையும் ஒவ்வொரு முறையும்." அது 2021 ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்டில் 5 கோடி என்று இறங்கிக்கொண்டே வந்தது. எங்களுக்குக் காஸ்டிங் தருகிற பவுண்டரிகளும் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. அவர்கள் பில்லிலும் கியூஆர் கோடு. கேட்டில் ஸ்கேனர் வைத்தால் ஸ்டோர்ஸ் என்ட்ரியைக் கையால் அடிக்க வேண்டாமே என்று செக்யூரிட்டிதான் முதலில் கேட்டார். மூன்றாவது சுற்று அப்படித் தொடங்கியது. கேன்டீன் சுவரில் புது சார்ட் பேப்பர் ஒட்டி, மேலே ஒரே ஒரு சொல் எழுதினேன்: சப்ளையர்.