முதியவர் உருவப்படம்: 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க பாணியில் ஆயில் பெயிண்டில் தீட்டுவது எப்படி?

தொடங்கும் முன், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள, அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸின் படத்தை இணையத்தில் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள். அமெரிக்க ஓவியர் கில்பர்ட் ஸ்டூவர்ட் 1823இல் தீட்டியது. எண்பதைத் தாண்டிய முகம். ஆனால் சுருக்கங்கள் கோடுகளாக இல்லை, ஒளி நிழலாக மாறும் இடங்களாகவே இருக்கின்றன. இந்தச் செய்முறையில் மிக முக்கியமானது அதுதான்.

படி 1: கேன்வாஸ்
மார்பளவுப் படத்துக்கு அன்று வழக்கமான அளவு 30×25 அங்குலம். வெள்ளைப் பரப்பில் நேரடியாகத் தொடங்காதீர்கள். வெள்ளைக்கு அருகில் எந்த நிறமும் கருமையாகத் தெரியும். அதைச் சரிக்கட்ட வெள்ளையைக் கூட்டிக்கொண்டே போவோம், முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். ரா அம்பர் (மண் பழுப்பு), வெள்ளை, சிறிது கருப்பு கலந்த நடுத்தரச் சாம்பலை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசி, துணியால் துடைத்து, சில நாள் காயவிடுங்கள்.

படி 2: உருவரை
ஒளி ஒரே ஜன்னலிலிருந்து, உயரத்தில், பக்கவாட்டில் வரட்டும். நீர்த்த ரா அம்பரால் வரையுங்கள். உச்சி முதல் தாடை வரை சுமார் 8 அங்குலம். கண்கள் அதன் சரிபாதியில். வழுக்கைத் தலையில் நெற்றி எங்கே முடிகிறது என்று தெரியாததால் பலரும் கண்களை மேலே ஏற்றிவிடுகிறார்கள், அளந்து பாருங்கள். வயதானால் மேலிமை வெளி ஓரத்தில் சரியும், உதடு மெலியும், காது நீண்டு தெரியும்.

படி 3: முகம்
மூன்று குவியல் கலந்து வையுங்கள். ஒளிக்கு: வெள்ளை 4 பங்கு, மஞ்சள் ஓக்கர் 1 பங்கு, காட்மியம் சிவப்பு ஒரு துளி. நடுத்தரத்துக்கு: அதே கலவையோடு சிறிது ரா அம்பரும் அல்ட்ராமரைன் நீலமும். நிழலுக்கு: பர்ன்ட் அம்பர் (அடர் செம்பழுப்பு), சிவப்பு, கொஞ்சம் நீலம். நிழலில் வெள்ளை கலந்தால் ஆழம் போய்ச் சாம்பல் பூத்துவிடும். நெற்றியில் ஓக்கர் தூக்கலாக, கன்னம், மூக்கு நுனி, காதில் சிவப்பு தூக்கலாக, தாடையில் சாம்பல் சாயலாக மாற்றுங்கள். நிழல் மெல்லியதாகவும் ஒளி தடிப்பாகவும் இருக்கட்டும்.

இனி சுருக்கம். ஒவ்வொன்றும் ஒரு மேடும் ஒரு பள்ளமும். மேட்டில் ஒளி நிறம், சரிவில் நடுத்தரம், பள்ளத்தில் பர்ன்ட் அம்பரோடு கிரிம்சன் என்னும் அடர் சிவப்பு. பள்ளத்தின் ஒரு ஓரம் கூர்மையாக, மறு ஓரம் உலர்ந்த பிரஷால் இளகியபடி. இரண்டு ஓரமும் கூர்மையானால் கீறலாகிவிடும். கருப்பு வைத்தால் அழுக்காகத் தெரியும். பெரிய மடிப்புகள் நான்கைந்து போதும். மற்றவற்றைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

படி 4: முடி, உடை
நரைமுடியை இழை இழையாக வரையாமல் முதலில் ஒரே சாம்பல் திரளாகப் போடுங்கள். இழைகள் கடைசியில், சில மட்டும். கழுத்துத் துணியில் தூய வெள்ளை ஓரிடத்தில்தான். கருப்புக் கோட்டுக்கு ஐவரி கருப்போடு பர்ன்ட் அம்பர். அம்பர் வேகமாகக் காயும், ஐவரி கருப்பு மெதுவாகத்தான் காயும். அது காயுமுன் மேலே வேகமாகக் காயும் பூச்சு விழுந்தால் விரிசல் விடும்.

எண்ணெய் கூடினால் பூச்சு மெதுவாகக் காயும் என்பதால், அதே காரணத்துக்காக எண்ணெயைப் படிப்படியாகக் கூட்டுங்கள்: முதல் பூச்சுக்கு டர்பன்டைன் மட்டும், அடுத்ததற்கு 2 பங்கு டர்பன்டைனுக்கு 1 பங்கு ஆளிவிதை எண்ணெய், கடைசிக்குச் சரிபாதி. அன்றைய ஓவியர்கள் சிலர் ஆழமான பழுப்புக்காகப் பிட்டுமென் என்னும் தார் வகையைப் பயன்படுத்தினார்கள். அது முழுதாகக் காயாது. அப்படங்கள் பலவற்றின் நிழல் பகுதி முதலைத் தோல்போல் பிளந்து கிடக்கிறது. பர்ன்ட் அம்பர் போதும்.

கோட்டில் மங்கல் திட்டுகள் தோன்றினால், அடிப்பூச்சு எண்ணெயை உறிஞ்சிவிட்டது என்று பொருள். காய்ந்த பின் ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி உடனே துடையுங்கள். வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுங்கள்.

எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். விரித்து வெளியே காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து மூடிய டப்பாவில் போடுங்கள்.