30 பேருக்கு வீட்டிலேயே விருந்தா? கலந்த சாதம் போதும்

வீட்டில் 30 பேர் சாப்பிட வருகிறார்கள் என்றால் சாம்பார், கூட்டு, ரசம் என்று இழுத்துக்கொள்ளாதீர்கள். புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், இவ்வளவு போதும். மொத்தம் 3 கிலோ அரிசி, அதில் 2 கிலோ புளியோதரைக்கு. புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் மேலே பிரிந்து மிதக்கும் வரை கொதிக்கவிட்டு இரண்டு நாள் முன்பே எடுத்து வைத்துவிட்டால், அன்று காலையில் சாதத்தை உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்துக் கிளறுவது மட்டும்தான் வேலை.

தயிர் சாதத்தில்தான் கவனம் வேண்டும். சூட்டோடு குழைய மசித்து, பாலைத் தாராளமாக ஊற்றி, ஆறியபின் தயிரைக் கொஞ்சமாகச் சேருங்கள், மதியம் வரை புளிக்காது. கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும், போகப் போக இறுகிவிடும்.

அப்புறம், சேமியா பாயசம் வைத்தால் காய்ச்சிய பால் அரை லிட்டர் தனியே இருக்கட்டும், பரிமாறும்போது ஊற்றித் தளர்த்திக்கொள்ளலாம்.