மினி கணினியில் பாயிங்க்: 100-ஐ 99 ஆக்குங்கள்

மினி கணினியை இரவு பகலாக அறிவியல் ஆய்வுக் கணக்கீடுகளுக்கு நம் கணினியின் உழைப்பைத் தரும் பாயிங்க் (BOINC) மென்பொருளுக்குக் கொடுத்திருப்பவர்கள், விண்டோஸின் மின்சக்தி அமைப்புகளில் செயலியின் (CPU) உச்ச நிலையை (Maximum processor state) 100 சதவீதத்திலிருந்து 99 ஆக்கிவிடுங்கள். பெரும்பாலான செயலிகளில் டர்போ வேகம், அதாவது வழக்கமான வேகத்தைத் தாண்டித் தற்காலிகமாக ஓடுவது, நின்றுவிடும். விசிறி இரைச்சல் அடங்கும், சூடு குறையும்.

டர்போவுக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவை. மின்செலவோ அந்த மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. அதனால் கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் நாம் மிக அதிக விலை கொடுக்கிறோம். 10 வாட் குறைந்தாலே மாதம் 7 யூனிட் மிச்சம். ஐன்ஸ்டீன்@ஹோம் போன்ற, பாயிங்க் வழியே நடக்கும் ஆய்வுத் திட்டங்களுக்கு இன்று மட்டும் பாய்ந்து ஓடும் கணினியைவிட, மாதக்கணக்கில் நிற்காமல் உழைக்கும் கணினியே பெரிய உதவி என்பது என் உறுதியான எண்ணம்.

பாயிங்க்கிலேயே உள்ள 'செயலி நேரம்' சதவீதத்தைக் குறைக்காதீர்கள். அது வேலையைச் சற்று ஓட்டி, சற்று நிறுத்தி, மாறி மாறிச் செய்யும். சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வேண்டுமானால் பாயிங்க் பயன்படுத்தும் கோர்களின் (செயலிக்குள் இருக்கும் தனித்தனி கணக்கிடும் பகுதிகள்) எண்ணிக்கையைக் குறையுங்கள்.

டர்போ இல்லாத செயலிகளுக்கும் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினிப் பலகைகளுக்கும் இது பொருந்தாது. முடித்து அனுப்ப வேண்டிய கெடு நெருங்கிய பாயிங்க் வேலை கையில் இருந்தால், அது முடிந்த பிறகு மாற்றுங்கள்.