ஒரே மூலம், பல மேனுவல்: எப்போது சரிப்படும், எப்போது சரிப்படாது

ராணிப்பேட்டைப் பக்கம் டேனரி டிரம் (தோல் பதனிடும் சுழல் பீப்பாய்) செய்யும் பட்டறை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாடல். ஃபிட்டருக்கு ஒரு மேனுவல், ஆபரேட்டருக்கு ஒன்று. ஆம்பூர், வாணியம்பாடிக்குத் தமிழில், ஏற்றுமதிக்கு ஆங்கிலத்தில். ஆக 12 மேனுவல். தனித்தனி வேர்டு ஃபைலாக வைத்தால் ஒரு திருத்தம் 12 இடத்தில் போகவேண்டும். 11-இல் போகும், விட்டுப்போன அந்த ஒன்றுதான் வாடிக்கையாளர் கையில் இருக்கும்.

சிங்கிள் சோர்சிங், அதாவது பொதுவான பத்தியை ஒரே மூலத்தில் எழுதி எல்லா மேனுவலுக்கும் அங்கிருந்தே எடுப்பது, இதற்குத்தான். ஆனால் மென்பொருளைத் தேடுவதற்கு முன் இரண்டு மேனுவலைப் பிரிண்ட் எடுத்து, சொல்லுக்குச் சொல் ஒன்றாக உள்ள பத்திகளுக்கு மஞ்சள் அடியுங்கள். மொத்தத்தில் பாதியாவது மஞ்சளாகவில்லை என்றால் விட்டுவிடலாம். ஒரே ஒரு மாடல், ஒரே ஒரு பிடிஎஃப், இரண்டு வருடத்துக்கு ஒரு திருத்தம் என்றாலும் வேண்டாம். அமைப்பதற்கே அதைவிட அதிக நாள் போகும்.

மஞ்சளில் முதலில் சிக்குவது எச்சரிக்கைகள். மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடும் போடுவார்கள். அந்த நீர் டிரம்மில் மிச்சமிருக்கும்போது அமிலம் ஊற்றினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பி ஆளையே கொல்லும். இந்தப் பத்தி ஒரே ஃபைலில் இருந்து எல்லா மேனுவலுக்கும் போகட்டும்.

அடுத்து, மாடலுக்கு மாடல் மாறும் வரிகளுக்குக் கண்டிஷன், அதாவது ‘இந்த மேனுவலுக்கு மட்டும்’ என்ற குறி, போடுங்கள். மாடல், வாசகர் என்ற இரண்டு வகையோடு நிறுத்துங்கள்; மூன்றாவதைச் சேர்த்தால் சரிபார்க்கவேண்டிய மேனுவல் மறுபடி பெருகும். டிடா (DITA, மேனுவலைச் சிறு தலைப்புகளாகப் பிரித்து எழுதும் எக்ஸ்எம்எல் தரம்) முறையில் எழுதுபவர்கள் வழக்கமாக மாட்டுவது ஒரு இடத்தில்: எந்தக் குறி உள்ள வரியை விடவேண்டும் என்று சொல்லும் ஃபில்டர் ஃபைலில் ‘விலக்கு’ என்று சொல்லாத எதுவும் உள்ளே வந்துவிடும். நான்காவது மாடலைச் சேர்த்துவிட்டுப் பழைய மூன்றையும் விலக்க மறந்தால், புதிய மேனுவலில் பழைய மாடல்களின் அளவும் சேர்ந்தே அச்சாகும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டுக்குப் போகும் மேனுவலில் 50 ஹெர்ட்ஸ் புல்லி அளவு வந்துவிட்டால் டிரம் 20 சதவீதம் வேகமாகச் சுற்றும். அதனால் ஒவ்வொரு வெளியீட்டையும் ஒருவர் உட்கார்ந்து முழுதாகப் படிக்கவேண்டும்.

தமிழில் வேரியபிள் (பாகத்தின் பெயர் தானாக வந்து நிரம்பும் இடம்) தனித் தலைவலி. ஆங்கிலத்தில் பாகத்தின் பெயரை வைத்தால் அப்படியே நிற்கும். தமிழில் வேற்றுமை உருபு ஒட்டும்போது ‘பம்ப்’ ‘பம்பை’ ஆகும், ‘வால்வு’ ‘வால்வை’ ஆகும். வேரியபிளுக்குப் பின்னால் ‘ஐ’ போட்டு வைத்தால் ‘வால்வுஐ’ என்று அச்சில் வரும். பெயரை எழுவாயாக மட்டும் வையுங்கள், அல்லது பின்னால் ‘என்ற பாகத்தை’ சேருங்கள். பகிர்வது முழு வாக்கியமாகவோ பத்தியாகவோ இருக்கட்டும், துண்டுச் சொல்லாக வேண்டாம். இரண்டு மொழியையும் ஒரே மூலத்தில் திணிக்காமல், மொழிக்கு ஒரு மூலம் வையுங்கள்.

பகிரும் பத்தியில் ‘மேலே சொன்னபடி’, ‘அடுத்த பக்கத்தில்’, ‘வலப்பக்கப் படம்’ எதுவும் கூடாது. வேறு மேனுவலில் மேலே வேறு ஏதாவது இருக்கும்.

டிரம்முக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டும் அட்டையை மட்டும் இந்த வலைக்குள் இழுக்காதீர்கள். கையுறையும் ஈரமுமாக நிற்பவர் ஆறடி தூரத்தில் இருந்து படிப்பது அது. மேனுவல் பத்தியைச் சுருக்கினால் அட்டை ஆகாது. தனியாக எழுதி, மூல எச்சரிக்கையின் தேதியை அதன் மூலையில் போட்டுவையுங்கள். மூலம் மாறினால் எந்த அட்டையைப் பிடுங்கவேண்டும் என்று தெரியும்.