வேலையில் இருந்துகொண்டே சர்வதேச விளையாட்டு முதுகலை: எங்கே சறுக்குகிறார்கள்?

“கிரிக்கெட் என்றால் எனக்கு உயிர், அதையே மேற்படிப்பாகப் படிக்கலாம் என்று பார்க்கிறேன்” என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். சர்வதேச விளையாட்டு முதுகலையில் ஆட்டம் மிகக் குறைவு. சங்க விதிகள், ஒப்பந்தங்கள், ஒளிபரப்பு உரிமை, ஊக்கமருந்து வழக்குகள், நிர்வாகிகள் தேர்தல் என்றுதான் பாடம் போகும். 2022 ஆகஸ்டில் இந்தியக் கால்பந்து சம்மேளனத்தை உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா ஏன் இடைநீக்கம் செய்தது, அதே மாதத்திலேயே ஏன் விலக்கிக்கொண்டது? இந்தக் கேள்வி உங்களை உட்கார்ந்து படிக்க வைக்கும் என்றால் தாராளமாகச் சேரலாம். ஆட்டம் பார்க்கப் பிடிக்கும் என்பது மட்டும் போதாது.

அடுத்தது, பெயரைப் பார்த்து மயங்குவது. ‘ஃபிஃபா மாஸ்டர்’ என்ற படிப்பைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். லெஸ்டர், மிலான், நெஷாடெல் என்று மூன்று ஊர்களில் நடக்கும் முழுநேரப் படிப்பு அது. வேலையை விட்டால்தான் ஆகும். ‘மெமோஸ்’ வேலையில் இருப்பவர்களுக்கானதுதான், ஆனால் ஒலிம்பிக் சங்கங்களிலும் விளையாட்டுச் சம்மேளனங்களிலும் பணியாற்றுகிறவர்களை மனத்தில் வைத்து அமைத்தது. ஐடி கம்பெனியில் இருந்துகொண்டு விண்ணப்பித்தால் கதவு திறப்பது கடினம். பிரிட்டனுக்கே போய், பகுதிநேரமாகப் படித்துக்கொண்டு மீதி நேரத்தில் சம்பாதிக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. பகுதிநேரப் படிப்புக்கான மாணவர் விசாவில் அங்கே வேலை பார்க்க அனுமதி கிடையாது.

சரி, இங்கிருந்தபடியே ஒரு பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் ஆன்லைனில் சேர்ந்துவிட்டீர்கள். பெரும்பாலானோர் கவிழ்வது இதற்கு அப்புறம்தான். அங்கே முதுகலை என்றால் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது கணக்கு, ஆக 1,800 மணி நேரம். இரண்டு ஆண்டில் முடிக்க வேண்டுமானால் வாரத்துக்குப் பதினேழு மணி நேரம் தேவை, அதுவும் தீபாவளி, பொங்கல் என்று ஒரு வாரம்கூட விடாமல். ஞாயிறு முழுக்க உட்கார்ந்தாலும் பத்து மணி நேரம் தேறும். மீதி ஏழு எந்தெந்த நாளில் என்று காலண்டரில் குறித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். லண்டனில் மாலை ஆறு மணிக்கு வகுப்பு என்றால் நமக்குக் கோடையில் இரவு பத்தரை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் அதுவே பதினொன்றரை ஆகிவிடும். மறுநாள் ஒன்பது மணிக்கு ஆபீஸ். மூன்றாண்டில் முடிக்கும் வாய்ப்பைக் கொடுத்தால் கௌரவம் பார்க்காமல் எடுத்துக்கொள்வதே நல்லது என்பேன்.

எழுதும்போது செய்யும் தவறுகளில் பெரியது, செய்தித்தாளை நம்பிக் கட்டுரை எழுதுவது. வினேஷ் போகத் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸ் ஒலிம்பிக் மல்யுத்தத்தில் 50 கிலோ பிரிவில் நூறு கிராம் கூடுதல் என்று அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். சர்வதேச விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அதை எதிர்த்து அவர் போட்ட மனுவை 2024 ஆகஸ்ட் 14 அன்று தள்ளியது. ‘அநியாயம்’ என்று ஒரு பக்கமும் ‘விதி விதிதான்’ என்று மறுபக்கமும் நாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். தீர்ப்பைத் திறந்து படித்தால் இரண்டுமே அதில் இருக்கும். அவர் தவறேதும் செய்யவில்லை, விளைவு மிகக் கடுமையானது என்று நடுவரே எழுதியிருக்கிறார். ஆனால் எடை வரம்பில் சலுகை காட்ட விதியில் இடமில்லை என்பதால் மனு நிற்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பற்றி எழுதினால் மதிப்பெண் வரும். தீர்ப்பு இணையத்திலேயே கிடைக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை.

ஆய்வேட்டுக்குத் தலைப்பு எடுக்கும்போது ‘விளையாட்டும் அரசியலும்’ என்று கடலை அள்ளப் போகாதீர்கள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் பாலினச் சோதனைக்குப் பிறகு புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனின் 800 மீட்டர் வெள்ளி பறிபோனது. ஓட்டப்பந்தய வீராங்கனை டூட்டி சந்த் அதே நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போய், பெண்கள் பிரிவில் ஓட ஹார்மோன் அளவுக்கு வரம்பு வைத்த விதியை 2015இல் நிறுத்திவைக்கச் செய்தார். சாந்திக்கு ஏன் அந்தக் கதவு எட்டவில்லை என்ற ஒரே கேள்வி ஒரு முழு ஆய்வேட்டுக்குப் போதும்.

தலைப்பு உங்கள் அலுவலகத்தோடு தொடர்புடையது என்றால், அங்கே கையில் கிடைக்கும் கோப்புகளை அப்படியே பயன்படுத்திவிட முடியாது. மேலதிகாரியின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை பின்னால் உதவாது. பேட்டி எடுப்பதாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும், அதுவும் பேட்டிக்கு முன்னால். எனக்குத் தெரிந்த ஒருவர் அவசரத்தில் ஐந்து பயிற்சியாளர்களைப் பேட்டி எடுத்துவிட்டுப் படிவத்தை அப்புறம் அனுப்பினார். ஐந்தையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் அதற்குப் பிறகு அவர் போனையே எடுக்கவில்லை.