பேணிக்குள் ஓர் அரிவரி

விஜயதசமியன்று அரிசித் தட்டில் ஏடு தொடக்கிய பிள்ளையிடம் மறுநாளே கொப்பியும் பென்சிலும் கொடுத்து அகரத்தை எழுதச் சொல்லும் வழக்கம் யாழ்ப்பாணத்து வீடுகளில் இன்னமும் உண்டு. நெடுங்கணக்கில் முதலில் நிற்பது அகரந்தான். ஆனால் சுழியும் வளைவும் நேர்கோடும் ஒருங்கே வருகின்ற அந்த எழுத்து நான்கு வயதுக் கைக்கு எளிதானதன்று. இரண்டு கோடுகளில் முடிகின்ற ‘ட’, மூன்று கோடுகளில் முடிகின்ற ‘ப’ ஆகியவற்றிலிருந்து தொடங்கினால் பிள்ளை முதல் நாளே வெற்றி காணும். அப்படித் தொடங்குவதற்கான சில விளையாட்டுகளை இங்கே தருகிறேன். இவை யாவும் ஒரு சிறிய பேணிக்குள் (தகர டப்பாவுக்குள்) அடங்குவதால் பஸ்ஸிலும், கிளினிக்கில் காத்திருக்கும் வேளையிலும், நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் கோயில் வீதியில் இருந்து இளைப்பாறும்போதும் எடுத்து விளையாடலாம்.

முதன்முறை நான் எழுத்து அட்டைகள் செய்தபோது 247 எழுத்துகளையும் ஒரே மூச்சில் வெட்டி எழுதினேன். பிள்ளை அவற்றைக் காசாக வைத்துக் கடை விளையாட்டு விளையாடியது. ஆகவே ப, ட, ம, க, ல என்னும் ஐந்து எழுத்துகள் போதும். ஒவ்வொன்றிலும் இரண்டாக, மொத்தம் 10 அட்டைகள். பல், கல், கடல், பகல், பக்கம், பட்டம், கடகம் என்று பிள்ளை அறிந்த சொற்கள் பல இந்தப் பத்துக்குள்ளேயே கிடைத்துவிடுகின்றன.

பால்மாப் பெட்டி மட்டையை 6 செ.மீ. சதுரங்களாக வெட்டி, அச்சில்லாத உட்பக்கத்தில் எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். மேற்பகுதியில் கால்வாசியை வெறுமையாக விட்டு, அடிவிளிம்பில் ஒரு கோடு கீறிவிட்டால் எது மேல், எது கீழ் என்ற மயக்கம் பிள்ளைக்கு வராது. பின்னர் எழுத்தின் கோடுகளின்மேல் கம் (பசை) பூசி, அரிதட்டில் அரித்த முற்றத்து மணலைத் தூவி, ஒரு நாள் காயவிட்டு உதிர்மணலைத் தட்டிவிடுங்கள். பிள்ளை விரலால் தடவும்போது, எழுதும் திசையிலேயே விரல் செல்கிறதா என்பதை மட்டும் கவனித்தால் போதும். கண்ணை மூடிக்கொண்டு தடவி எழுத்தைச் சொல்வதே முதல் விளையாட்டு. அப்போது ‘பானா, லானா’ என்று எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ‘ப’, ‘ல’ என்று ஒலியையே சொல்லப் பழக்குங்கள். பானாவையும் லானாவையும் எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் ‘பல’ என்ற சொல் வராது.

எனக்கு மிகவும் பிடித்தது பொட்டு விளையாட்டு. அட்டையின் மேல் வெறுமையாக விட்ட இடத்தில் செலோரேப் ஒட்டிவிட்டால், நெற்றியில் வைக்கும் ஒட்டுப்பொட்டை அதில் ஒட்டவும் மட்டை கிழியாமல் உரிக்கவும் முடியும். அந்தப் பொட்டுத்தான் புள்ளி. ‘படடம’ என்று அடுக்கி, உள்ளபடியே வாசிக்கச் சொல்லுங்கள், பிள்ளை சிரிக்கும். பிறகு இரண்டாவது எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் பொட்டு வைத்தால் பட்டம் பறக்கத் தொடங்கிவிடும். எந்த எழுத்துக்குப் பொட்டு வேண்டும் என்று பிள்ளையே தேடட்டும். நீங்கள் வேண்டுமென்றே பிழையாக வைத்து வாசித்தால் அது இன்னும் உற்சாகமாகத் திருத்தும்.

புள்ளி பழகியபின் அரவை, அதாவது ‘ா’ என்னும் கால் குறியை, சேர்க்கலாம். அது ரகரத்தைப் போலவே தோன்றுவதால், பாதி அகலமுள்ள அட்டையில் சிவப்பு மையால் எழுதுங்கள். அரவு நன்கு பதியும்வரை ரகரத்தைப் பேணிக்குள் விடவேண்டாம். பல்லின் நடுவே அரவை நுழைத்தால் பால், கல்லில் நுழைத்தால் கால், படத்தில் நுழைத்தால் பாடம்.

எழுத்தின் இடப்பக்கத்தில் வருகின்ற ‘ெ’, ‘ே’, ‘ை’ ஆகிய கொம்புக் குறிகளுக்குச் சற்றுப் பொறுமை வேண்டும். காதுக்குக் ககர ஒலி முந்திக் கேட்க, கண்ணுக்குக் கொம்பு முந்தித் தெரிவதே பிள்ளைகள் இடறுவதற்குக் காரணம். ஆதலால் முதலில் ககர அட்டையை வைத்து, பின்னர் பிள்ளையின் கையாலேயே அதன் இடப்பக்கத்தில் குறியை வைக்கச் செய்யுங்கள். கை, பை, மேகம், மலை என்று தொடங்கி, இருபுறமும் குறி வருகின்ற ‘கோலம்’ வரை போகலாம். (அம்மம்மாமார் சிலர் ‘மலை’யின் லைகாரத்தைத் தும்பிக்கை வைத்த பழைய வடிவில் எழுதிக் காட்டுவார்கள். தமிழ்நாட்டில் 1978இல் நடைபெற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவம் அது. பிழையன்று, ஆனால் இந்த வயதில் இரண்டு வடிவங்கள் வேண்டாம்.) கு, சு, து, பு ஆகியவற்றில் உகரக் குறி எழுத்துக்கு எழுத்து உருமாறுவதால் அதற்குத் தனி அட்டை செய்ய இயலாது; அவற்றைப் பின்னர் முழு எழுத்துகளாகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ல, ள, ழ மூன்றையும் ஒரே வாரத்தில் கொடுக்கவேண்டாம். நமது பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிப்பதால், ‘பழம்’, ‘பள்ளம்’ என்று படத்தோடுதான் பிரித்துக் காட்டவேண்டியிருக்கும்.

கொழும்புக்கு ரயிலில் போகும்போது அட்டைகளைப் பரப்ப இடமிருக்காது. பிள்ளையின் கையில் ஓர் எழுத்தை மட்டும் கொடுத்து, நிலையப் பெயர்ப் பலகைகளில் அதைத் தேடச் சொல்லுங்கள். பலகையில் மூன்று மொழிகளிலும் பெயர் இருப்பதால் தமிழ் வரியைக் கண்டுபிடிப்பதே முதல் வேலையாகிவிடும். ககரத்தைக் கொடுத்தால் கொடிகாமத்தில் கொம்போடும் அரவோடும் அகப்படும், பளையில் அகப்படாது.

ஒட்டுப்பொட்டுகளை மூன்று வயதுக்குட்பட்ட தம்பி, தங்கைமாருக்கு எட்டாமல் வையுங்கள். அவர்களுக்கு எல்லாமே வாய்க்குத்தான் போகும். அட்டைகளின் எண்ணிக்கையைப் பேணியினுடைய மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டி, ஒவ்வொரு முறையும் இறங்குவதற்கு முன் எண்ணுங்கள். அந்த வேலையையும் பிள்ளையிடமே விட்டுவிடலாம்.