குரங்குக்கு ரொட்டி, கூட்டுக்கு ஃபிளாஷ்: பினாங்கில் தவிர்க்க வேண்டியவை

பினாங்கில் பறவை பார்க்க அடர்ந்த காட்டுக்குப் போக வேண்டியதில்லை. தண்ணீர்மலைப் பக்கம், 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவே போதும். ஆனால் பலர் ஒரு சுற்று வேகமாக நடந்துவிட்டு, "ஒன்றையுமே காணோம்" என்கிறார்கள். நடந்துகொண்டே இருப்பதுதான் அங்கே தவறு. பூத்த மரம் ஒன்றின் அருகே கால் மணி நேரம் பேசாமல் உட்காருங்கள். கொண்டைக்குருவியும் தேன்சிட்டும் தானாக வரும், சில நாள் மாங்குயிலும் வரும். விடிந்ததுமே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பறவைகள் அடங்கிவிடும்.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது, குரங்குகளுக்குத் தீனி போடுவது. அங்கே இரண்டு வகை உண்டு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங், இலை தின்னும் குரங்கு. அதன் இரைப்பை பல அறைகள் கொண்டது, இலையைப் புளிக்க வைத்துத்தான் செரிக்கும். ரொட்டியும் பிஸ்கட்டும் அதற்கு ஆகாது. நீள்வால் குரங்கோ எதையும் தின்னும். கையிலிருந்து வாங்கிப் பழகிவிட்டால் அடுத்து பிளாஸ்டிக் பையைப் பிடுங்கும், கடிக்கும். பிறகு புகார் போகும், கஷ்டப்படுவது குரங்குதான். அதனால் தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். குரங்கை முறைத்துப் பார்க்கவும் வேண்டாம், பல்லைக் காட்டிச் சிரிக்கவும் வேண்டாம். அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். லோத்தோங் குட்டி பொன்னிறமாக இருக்கும். அழகுதான், அதற்காகத் தாயைச் சுற்றி வளைத்துப் படம் எடுக்கலாமா?

கைப்பேசியில் பறவைக் குரலை ஓடவிட்டு அழைப்பதும் வேண்டாம். குண்டுக்கரிச்சான் ஆண், தன் இடத்துக்கு வேறொருவன் வந்துவிட்டான் என்று தேடி அலையும்.

தேன்சிட்டு நம் வீட்டு முன்வாசலிலேயே, பூந்தொட்டிச் செடியிலோ தொங்கும் கம்பியிலோ கூடு கட்டும். நாரும் சிலந்தி வலையும் சேர்த்துப் பின்னிய பை அது. பக்கவாட்டு வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு தாழ்வாரம்கூட இருக்கும். கட்டுவது பெண்பறவை. முகத்தை நுழைத்துப் பார்ப்பது, ஃபிளாஷ் அடிப்பது, மறைக்கும் இலையை வெட்டுவது, எதுவுமே கூடாது. இலை போனால் காகத்துக்குக் கூடு தெரிந்துவிடும். தரையில் இறகு முளைத்த குஞ்சைக் கண்டால் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனை நடமாட்டம் இருந்தால் தாழ்ந்த கிளையில் வைத்துவிட்டு விலகுங்கள், போதும்.

கடைசியாகக் கறிவேப்பிலைச் செடி. இலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பதை உற்றுப் பாருங்கள், அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். வளர்ந்தபின் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கொம்பு நீண்டு, காரமான வாடை அடிக்கும். அதைக் கண்டு மருந்து அடித்துவிடாதீர்கள். குழம்புக்கு இலை வேண்டும், சரி, இன்னொரு தொட்டியில் ஒரு கன்று வைத்துக்கொள்ளுங்கள்.